சின்னவருக்கு ஆறு வாரம்

எங்கள் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிற வேலை. கை கால் முறிந்து வருகிறவர்களை டாக்டர் பார்ப்பார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், சீட்டில் இரண்டு வரி கிறுக்கி அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவார். அதற்கப்புறம் அந்தக் கை அண்ணியின் பொறுப்பு. கைக்குச் சொந்தக்காரருக்குக்கூட ஆறு வாரத்துக்கு அதில் உரிமை கிடையாது.

அந்த அறைக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். ஒரு தகர மேசை, வெதுவெதுப்பான தண்ணீர் வாளி, அடுக்கி வைத்த மாவுச் சுருள்கள், தரையெல்லாம் காய்ந்துபோன வெள்ளைச் சொட்டுகள். அண்ணி முதலில் பஞ்சைச் சுற்றுவார். அதன் மேல் நனைத்த சுருளை, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறும்படி, மடிப்பே விழாமல் சுற்றிக்கொண்டு போவார். உள்ளங்கையால் தடவி வழவழப்பாக்குவார். கடைசியில் தடித்த பேனாவை எடுத்து இரண்டு தேதி எழுதுவார். ஒன்று கட்டுப் போட்ட நாள், இன்னொன்று பிரிக்கும் நாள். எழுத்து ஒவ்வொன்றும் சுவர் விளம்பரம் மாதிரி பெரிசாக இருக்கும். பிறகு எல்லோரிடமும் ஒரே பேச்சு.

"ஆறு வாரம். ஒரு நாள் குறையாது. அரிச்சா அரிக்கட்டும். குச்சியை உள்ள விட்டுச் சொறிஞ்சீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும். ஆனா மூணு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. விரல் நீலமாச்சுன்னா, வலி கூடிக்கிட்டே போச்சுன்னா, உள்ள இருந்து நாத்தம் வந்துச்சுன்னா, தேதியைப் பாக்காதீங்க. ஓடி வாங்க."

இருபத்தெட்டு வருஷமாக இதே பேச்சு. ஐந்து வயசுக் குழந்தைக்கும் இதுதான், மாடிப்படியில் விழுந்த நீதிபதிக்கும் இதுதான். நீதிபதி ஏதோ மறுத்துப் பேச வாயைத் திறந்தாராம். "இங்க தீர்ப்பு நான் சொல்றது" என்றாராம் அண்ணி.

அண்ணனை நான் அவன் என்பேன், அண்ணியை அவர் என்பேன். எங்கள் வீட்டில் மரியாதை அப்படித்தான் பங்காகியிருக்கிறது. அண்ணன் டேங்கர் லாரி ஓட்டுகிறான். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் லாரிப் படியிலிருந்து வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டான். கட்டுப் போட்டவர் அண்ணி, அப்போது யாரோ ஒரு நர்ஸம்மா என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஐந்தாவது வாரம், அரிப்புத் தாங்கவில்லை என்று, காய்கறிக் கத்தியை எடுத்து அண்ணன் தானே கட்டை அறுத்துவிட்டான். காலை ஆடாமல் பிடித்துக்கொண்டது நான்தான், அது வேறு விஷயம். இரண்டு நாளில் கால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணி போட்ட சத்தம் வெளியே சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டது. மறுபடி கட்டு, மறுபடி ஆறு வாரம்.

கால் சரியான பிறகும் அண்ணன் வாரா வாரம் காலைக் காட்டப் போய்க்கொண்டே இருந்தான். நாலு மாதம் ஆயிற்று. கடைசியில் அண்ணிக்கே பொறுக்கவில்லை. "காலுக்கு ஒண்ணும் இல்ல. வேற என்ன சொல்லணுமோ அதைச் சொல்லித் தொலைங்க" என்றாராம். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அண்ணனின் வலது கால் இன்றைக்கும் நடக்கும்போது கொஞ்சம் வெளியே போய்விட்டுத்தான் உள்ளே வரும். அந்தக் கோணல் காலைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவரிடம் போய் ஆறு வாரத்தில் ஒரு நாளைக் குறைக்கச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "தப்பு என் மேலதான்" என்று அண்ணி சொல்லி நான் கேட்டதில்லை. திமிர் என்று நினைக்க வேண்டாம். முக்கால்வாசி நேரம் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். எரிச்சலே அதுதான்.

நான் அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். கரண்ட் ஆபீஸில் புகார் வாங்குகிற ஜன்னல் என்னுடையது. நாள் முழுக்க ஊர்த் திட்டை வாங்கிக்கொண்டு வருவதால் என் வாயும் கொஞ்சம் நீளம்தான். எங்கள் புகார்ச் சீட்டில் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 'பழுதுக்கான காரணம்'. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கட்டத்தில் நான் எழுதியது மூன்றே மூன்று பேர்தான்: மழை, மரக்கிளை, காக்கா. ஃபியூஸை மாற்றிப் போட்டுத் தெருவையே இருட்டாக்கிய எங்கள் ஆபீஸ் ஆள் எதிரே நின்று தலையைச் சொறிந்தாலும் காக்கா என்றுதான் எழுதுவோம். காக்கா வந்து மறுத்துப் பேசப் போவதில்லை.

இனி சின்னவரைப் பற்றி.

கேட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் எங்களுக்கு நாலு எட்டு அகலத்தில் ஒரு மண் துண்டு உண்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஒரு லோடு இறக்கிவிட்டு வரும் வழியில் ஒரு சின்னத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். நர்சரியில் வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார்களாம். ஈச்ச மரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டுவதற்குள் நமக்கு வயசாகிவிடும் என்றார்களாம். மெல்லிய இலைகள், இறகு மாதிரி நாலாபக்கமும் வளைந்து விழும். பார்த்தால் சாது, ஆனால் மட்டையின் அடியில் ஊசி ஊசியாக முள். "உங்க அண்ணிக்கு ஏத்த செடி" என்றான் அண்ணன், அண்ணி காதில் விழாத தூரம் பார்த்து.

அண்ணி வீட்டில் அண்ணனைப் 'பெரியவர்' என்பார், கிண்டலாகத்தான். அதனால் செடி 'சின்னவர்' ஆயிற்று. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே என்று அண்ணி சொல்வார். நான் போடவில்லை, சொல்லி மட்டும் வைக்கிறேன். அண்ணன் மூன்று மாதம் ரோட்டில் கிடப்பான், மூன்று வாரம் வீட்டில் இருப்பான். வந்ததும் பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் சின்னவரிடம்தான் போவான். காய்ந்த மட்டையைக் கழிப்பான், முள் குத்தி விரலைச் சப்புவான், அடிமண்ணைக் கையால் பிசைந்து பார்ப்பான். எந்த ஊரிலிருந்து போன் பண்ணினாலும் முதல் கேள்வி அண்ணி சாப்பிட்டாரா என்பது, இரண்டாவது சின்னவர் எப்படி இருக்கிறார் என்பது. சில நாள் வரிசை மாறிப்போவதும் உண்டு, அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்வான்.

இந்தத் தடவை அண்ணன் ஊரில் இருக்கும்போதே வந்தது வினை. தெருவுக்குப் புதுக் கழிவுநீர்க் குழாய் போடுகிறார்கள் என்று மேஸ்திரி ஒருவர் வந்து சுண்ணாம்பால் கோடு இழுத்துக்கொண்டே போனார். கோடு எங்கள் கேட்டுக்குள் நுழைந்து, நேராகப் போய்ச் சின்னவரின் காலடியில் ஏறி இறங்கியது. "ஒரு வாரம் டைம். அதுக்குள்ள எடுத்துடுங்க, இல்லன்னா மண்ணு வாரி எந்திரம் எடுத்துடும்" என்றார்.

அண்ணன் நர்சரிக்காரரைக் கூட்டிவந்து காட்டினான். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வேர் உருண்டை உடையாம எடுத்தா பிழைச்சிடும். ஆனா குருத்து பத்திரம். மத்த செடி மாதிரி இங்க போனா அங்க துளிர்க்காது, இதுக்கு ஒரே தலை. மட்டையை எல்லாம் மேல சேர்த்து லேசாக் கட்டி வைங்க, குருத்து ஆடாம இருக்கும். காத்துப் போகணும். ரெண்டு வாரத்துல அவிழ்த்து விட்டுடுங்க."

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் சேர்ந்து தோண்டினார்கள். நான் படியில் உட்கார்ந்து யோசனை சொன்னேன். வேர் உருண்டையை நனைத்த சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு பேரும் தூக்கி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருந்த மூலையில் இறக்கி வைத்தார்கள். அண்ணன் தன் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மட்டைகளை மேலே சேர்த்து லொடலொடவென்று ஒரு கட்டுக் கட்டினான்.

அண்ணி இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "இது என்னங்க கட்டா, இல்ல துணி காயப் போட்டிருக்கா?"

"லேசாக் கட்டத்தான் சொன்னாரு. ரெண்டு வாரத்துல அவிழ்த்துடு."

"ரெண்டு வாரமா? வேர் ஊனவே ஆறு வாரம் ஆகும். அவிழ்க்கிற அவசரத்துக்கு உங்க காலே சாட்சி."

அண்ணன் தன் காலைப் பார்த்துக்கொண்டான். மறுநாள் காலையில் வண்டியேறிப் போய்விட்டான், மூன்று மாதத்துக்கு.

அன்று மாலை நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே எட்டிப் பார்த்தேன். அண்ணி டியூட்டி முடிந்து வரும் வழியில் மருந்துக் கடையில் சாமான் வாங்கிவந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சாமானில் ஒரு துண்டுப் பஞ்சைக்கூட வீட்டுக்கு எடுத்துவர மாட்டார், அதில் சுத்தம். அண்ணனின் வேட்டித் துணியை அவிழ்த்து ஓரமாகப் போட்டார். மட்டைகளை ஒரு கையால் ஒன்றுசேர்த்து, முதலில் பஞ்சு, கொழுத்த பஞ்சு, குருத்தைச் சுற்றி. மேலே பேண்டேஜ், பாதிக்குப் பாதி ஏறி, அடியிலிருந்து நுனி வரைக்கும், மடிப்பில்லாமல். மூன்று மூங்கில் குச்சி முட்டுக்கொடுத்து, குச்சி படும் இடத்தில் மாவுச் சுருளால் ஒரு வளையம். கடைசியில் தடித்த பேனா, இரண்டு தேதி.

"எப்படி?" என்று கீழேயிருந்தே கேட்டார்.

நானும் கை தட்டினேன். பொய் சொல்வானேன், பார்க்க ஜம்மென்று இருந்தது. அந்தத் தெருவில் அவ்வளவு அழகாகக் கட்டுப் போட்டுக்கொண்ட செடி வேறு இல்லை.

இரண்டாவது வாரம் மழை பிடித்தது. பிடித்தது என்றால் விடவில்லை. அண்ணன் போன் பண்ணி, "அவிழ்த்துட்டியா?" என்று கேட்டான்.

"கட்டு நல்லா இருக்கு" என்றார் அண்ணி. கேள்வி செடியைப் பற்றி, பதில் கட்டைப் பற்றி. நான் பக்கத்தில்தான் இருந்தேன், அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

நாலாவது வாரம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு வாடை வந்தது. முதலில் சாக்கடை வேலை நடப்பதால் என்று நினைத்தோம். குழாய் புதைத்து மூடிவிட்டுப் போனபிறகும் வாடை போகவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே தேடினேன். சின்னவர் பக்கத்தில் போனதும் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"அண்ணி, நாத்தம் கட்டுக்குள்ள இருந்து வருது."

"ஈரப் பஞ்சு அப்படித்தான் வாடை அடிக்கும். இன்னும் ரெண்டு வாரம்."

"அவிழ்த்துப் பாத்துடலாமே?"

"ஏண்டி, அன்னைக்கு உங்க அண்ணன் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னவதானே நீ?"

இருபத்து நாலு வருஷத்துப் பழியை அண்ணி இன்னும் சில்லறையாக வைத்திருந்தார், தேவைப்படும்போது எடுத்து வீசுவதற்கு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாடிக்குப் போனேன். என் பையில் எப்போதும் நாலைந்து புகார்ச் சீட்டு கிடக்கும். ஒன்றை உருவி, கட்டம் கட்டமாக நிரப்பினேன். புகார் எண்: ஒன்று. புகார்தாரர்: சின்னவர், பேச இயலாதவர். புகார் விவரம்: உள்ளே இருந்து நாற்றம் வருகிறது. தேதியைப் பார்க்காதே, ஓடி வா என்று சொல்லப்பட்டிருந்தது. என்னால் ஓடி வர முடியாது.

கீழே வந்து, அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்த பலகையின் மேலேயே அதை வைத்தேன். வைத்துவிட்டு நிற்கவில்லை, திரும்பிப் பார்க்காமல் படியேறினேன்.

பாதிப் படியில் இருக்கும்போது கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

நான் இறங்கி வருவதற்குள் பேண்டேஜ் முழுக்கத் தரையில் கிடந்தது. பஞ்சு கறுத்துக் கூழாகியிருந்தது. வெளி மட்டைகள் பச்சையாகத்தான் இருந்தன. அண்ணி நடுக் குருத்தை இரண்டு விரலால் தொட்டார், இழுக்கக்கூட இல்லை. உறையிலிருந்து கத்தி வருவது மாதிரி வழுக்கிக்கொண்டு அது கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி அழுகிப் பழுப்பு நிறத்தில் சொட்டியது.

அண்ணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எத்தனையோ எலும்பைப் பார்த்த முகம், எனக்குத் தெரிந்து அது வெளுத்துப்போனது அன்றைக்குத்தான். எனக்கு அண்ணன் பையோடு வந்து நிற்கப்போவது கண் முன்னால் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. கொஞ்சம் முன்னாடி இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

"அழாதடி. காயம்தானே" என்றார் அண்ணி. குரல் மட்டும் அவருடையதாக இல்லை.

நர்சரிக்காரர் வந்தார். குருத்து இருந்த ஓட்டைக்குள் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சொன்னேனே அக்கா, ஒரே தலைன்னு. அவ்வளவுதான்." பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதே உயரத்துல, இதே மாதிரி ஒண்ணு என்கிட்ட நிக்குது. நாளைக்கே கொண்டுவந்து வச்சுடறேன். சாருக்கு என்ன தெரியப்போவுது?"

நான் உடனே சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒளிப்பானேன், அந்த நிமிஷத்தில் எனக்கு அது கடவுள் அனுப்பிய யோசனையாகத்தான் பட்டது. அன்று மாலை அண்ணன் போன் வந்தது. வழக்கமான இரண்டாவது கேள்வியையும் கேட்டான். "வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வண்டி ஓட்டுற மனுஷன் காதுல இதைப் போடக் கூடாது. நேர்ல சொல்லிக்கிறேன். வேற செடி வேணாம்னு நர்சரிக்காரருக்குச் சொல்லிடு."

"நேர்ல சொல்வீங்களா?"

"சொல்றேன்னு சொன்னேன்ல."

எனக்கு நம்பிக்கை இல்லை. இருபத்து நாலு வருஷம் வாயில் வராத ஒன்று திடீரென்று எப்படி வரும்?

ஆனால் ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆள் அண்ணி இல்லை. அடுத்த நாள் காயம் கழுவுகிற நுரை மருந்தை வாங்கிவந்தார். அழுகின சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் மருந்தை ஊற்றினார். புசுபுசுவென்று நுரை பொங்கி வழிந்தது. "நுரை வருதுன்னா உள்ள அழுக்கு இருக்குன்னு அர்த்தம். நுரை நிக்கிற வரைக்கும் கழுவணும்." இரண்டு நாளுக்கு ஒரு தடவை கழுவினார். மழைத் தண்ணீர் ஓட்டைக்குள் இறங்காமலிருக்க, தன் குடையைக் கொண்டுவந்து மூங்கில் குச்சியில் கட்டிவிட்டார். நல்ல பெரிய கறுப்புக் குடை. அதற்கப்புறம் தினமும் நனைந்துகொண்டே வேலைக்குப் போனார். என் குடையை நீட்டினால், "உனக்குச் சளி பிடிச்சா ஊரே இருட்டாயிடும், போ" என்றார்.

ஐந்தாவது கழுவலில் நுரை நின்றது. ஓட்டை காய்ந்தது. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர. காத்திருக்கச் சொல்லியே பழக்கப்பட்டவருக்குத் தானே காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது பார்த்தேன். காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது ஒரு தடவை குனிந்து பார்ப்பார், மாலையில் செருப்பைக் கழற்றுமுன் ஒரு தடவை. வெளி மட்டையில் இரண்டு பழுத்துச் சாய்ந்தன. அண்ணன் வர வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. நான் ஜாடையாக நர்சரிப் பேச்சை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். முறைப்புதான் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து சத்தம். "ஏண்டி! சீக்கிரம் வா!" பல் தேய்த்த நுரையோடு ஓடினேன்.

அண்ணி மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டையின் ஓரத்தில் வெளிறிப்போன பச்சையில் ஒரு நுனி, அரிசி மணி அளவுக்கு. அழுகின குருத்தின் மிச்சமாக இருக்கும் என்றேன் நான். அண்ணி என்னோடு வாதாடவில்லை. தடித்த பேனாவை எடுத்து, பக்கத்து மட்டையின் அடியில் அந்த நுனிக்கு நேராக ஒரு கோடு போட்டார். தேதி எழுதினார். அடுத்த ஞாயிறு நுனி கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை நின்றது. குருத்துதான் போயிருக்கிறது, அடியில் தலை பிழைத்திருக்கிறது. அதற்கு நேராக இன்னொரு கோடு. நான் தோற்றேன், இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதில்லை.

அண்ணன் வருகிற நாளில் புதுக் குருத்து ஆள்காட்டி விரல் நீளம் வந்திருந்தது. ஆனால் நேராக இல்லை. ஓட்டையின் ஒரு பக்கத்தில் முட்டிக்கொண்டு வந்ததால் வெளியே சாய்ந்து, பிறகு உள்ளே திரும்பியிருந்தது. இலையும் கசங்கின காகிதம் மாதிரிதான். இருந்தாலும் உயிர் உயிர்தானே.

காலையில் நான் அண்ணி காதோடு காதாகச் சொன்னேன்: "பிழைச்சிடுச்சில்ல, அண்ணி. மழையில கொஞ்சம் அழுகிடுச்சுன்னு சொல்லிடலாம். பெரிய மழைதானே பேஞ்சுது? பொய்கூட இல்ல."

அண்ணி தலை வாரிக்கொண்டே இருந்தார். எதிரே கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் மழைதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் தோளில் பையோடு, வலது காலை வெளியே வீசி உள்ளே வைத்து, மூலையைப் பார்த்து நடந்துவந்தான். கறுப்புக் குடை விரித்து நிற்கும் சின்னவரைப் பார்த்ததும் அவன் நடை நின்றது. அண்ணி அவனுக்கும் செடிக்கும் நடுவில் போய் நின்றார்.

"நீங்க ரெண்டு வாரம்னு சொன்னீங்க. நான் கேக்கல. நீங்க கட்டினதை அவிழ்த்துட்டுப் பஞ்சு வச்சு இறுக்கிக் கட்டினேன். நாத்தம் வந்துச்சு, இவ சொன்னா, அப்பவும் நான் கேக்கல. குருத்து அழுகிக் கையோட வந்துடுச்சு. தப்பு என் மேலதான்."

மனப்பாடம் பண்ணி வைத்திருந்தவர் மாதிரி ஒரே மூச்சில் சொன்னார். தலை நிமிர்ந்துதான் இருந்தது. கை மட்டும் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. செத்திருந்தால் சொல்லித்தான் ஆகவேண்டும். பிழைத்த பிறகு சொல்வதற்கு யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை.

அண்ணன் பையை இறக்கினான். அண்ணியைச் சுற்றிக்கொண்டு போய், குடைக்குள் தலையை நுழைத்தான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. பேனாக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவது தெரிந்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பதறிக் கிட்டே போனால், சிரிக்கிறான்.

"வந்து பாரு, நடந்து வர்றதைப் பாரு" என்று அந்தக் கோணல் குருத்தைக் காட்டினான். "வெளியே போயிட்டு உள்ள வருது. அசல் என் கால்."

"சிரிக்காதீங்க" என்றார் அண்ணி. "திட்டுங்க."

"நான் சீக்கிரம் அறுத்தேன், நீ லேட்டா அறுத்தே. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. இனிமே என் காலைப் பத்திப் பேசக் கூடாது, சொல்லிட்டேன்." அப்புறம் குடையை நிமிர்ந்து பார்த்தான். "இது உன் குடைதானே? அப்ப நீ எதைப் பிடிச்சுக்கிட்டுப் போனே?"

அண்ணி விறுவிறுவென்று உள்ளே போனார். அழப்போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அவர் ஃபிரிட்ஜ் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என் புகார்ச் சீட்டு அன்றிலிருந்து அங்கேதான் ஒட்டியிருந்தது, காய்கறிக் கறையோடு. தடித்த பேனாவைத் திறந்து, காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் எழுதினார். பழுதுக்கான காரணம்: கட்டுப் போட்டவர் தவறு. கீழே முழுக் கையெழுத்து.

மழை, மரக்கிளை, காக்கா எழுதி எழுதித் தேய்ந்த கை என்னுடையது. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு மனுஷரைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பின்னாலேயே வந்த அண்ணனுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது போலிருக்கிறது. "சரி சரி, போதும், கிழிச்சுப் போடு" என்று கையை நீட்டினான்.

அண்ணி அந்தக் கையைத் தட்டிவிட்டார். சீட்டின் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு தேதி.

"ஆறு வாரம் இருக்கட்டும். ஒரு நாள் குறையாது."